கருஞ்சோலையின் ஐம்பதாவது நாய்

பிப்ரவரி 3, திங்கள்

கருஞ்சோலைக்கு வந்து சேர்ந்தாச்சு. கொடைக்கானலிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். வழி முழுக்க என் மடியில் யாருடையதோ கேரட் மூட்டை, காலுக்கு நடுவில் மெஷின் பெட்டி. மூட்டைக்காரர் இறங்கும்போது நாலு கேரட்டை எடுத்து நீட்டினார். திட்ட வாயெடுத்தவள் வாங்கிக்கொண்டேன்.

தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் சார். சார் என்றால் என் ஆய்வு வழிகாட்டி. முதல் பக்கத்தில் யார், எதற்கு என்பது இருக்கணுமாம். சரி. பெயர் அங்கயற்கண்ணி. ஊர் மதுரை. வயது இருபத்தொன்பது. கால்நடை மருத்துவ மேல்படிப்பு. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வாழும் ஆரோக்கியமான நாய்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது கேள்வி. ஐம்பது நாய் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாக்கில் கிளிப் மாட்டி அளவு எடுக்கணும், காலில் கொஞ்சம் முடி மழித்து இரண்டு மில்லி ரத்தம் எடுக்கணும்.

கடைசி நாள் பிப்ரவரி 28. போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆறு மாசம் போனதில் ஏற்கெனவே ஒரு தடவை அவகாசம் வாங்கியாச்சு. இன்னொரு தடவை கிடையாது. ஐம்பது வரவில்லையென்றால் பதிவு ரத்து, மூன்று வருஷப் படிப்பு அம்போ.

குளிர் எலும்புக்குள் போகிறது. இருபத்தஞ்சு நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இங்கே கால்நடைக் கிளை நிலையம் என்பது ஓர் அறை, ஒரு வராண்டா. பொறுப்பு வீரபுத்திரண்ணன். கால்நடைப் பராமரிப்பு உதவியாளர், இருபத்திரண்டு வருஷமாக இதே ஊர். வராண்டாவில் மேஜை போட்டுக்கொடுத்துவிட்டு, "நான் உள்ள உக்காந்து பதிவேடு எழுதுறேன் டாக்டரம்மா" என்று போய்விட்டார்.

ஊரே வந்தது. நாயோடு வந்தவர்கள் ரெண்டே பேர், மீதி எல்லாம் வேடிக்கை.

மெஷினைப் பார்த்ததும் எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாரக்கா கேட்டது: "இது கொரோனாவுல விரல்ல மாட்டினதுதான?"

அதேதான், நாய்க்கு நாக்கில் மாட்டுவோம் என்றேன். முதல் நாய்க்கு 93 வந்தது. சொன்னதுதான் தாமதம், நாய்க்காரம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. "தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா ஆஸ்பத்திரின்னாங்களே" என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டது. மலையில் காற்று லேசு, அதனால் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, தெரியாததால் நல்ல நாயையும் நோயாளி என்று நினைத்து வைத்தியம் பண்ணிவிடுகிறார்கள், அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று தொண்டை வறள விளக்கினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மா, "அப்ப எங்க நாய் பாஸா?" என்றது.

ஒருத்தர் மெஷினைத் தொடப் போனார். கையைத் தட்டிவிட்டேன். கல்லூரி மெஷின், என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சத்தமாகவே சொன்னேன். முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பிப்ரவரி 6, வியாழன்

இதுவரை ஒன்பது நாய். ஊர் இதைப் பரீட்சை என்றே முடிவு பண்ணிவிட்டது. 95 வாங்கிய நாயின் சொந்தக்காரர் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். 92 வாங்கிய நாயை "நேத்து சரியாத் தூங்கல, அதான்" என்று மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார்கள். மறுதேர்வு கிடையாது என்று திருப்பி அனுப்பினேன். முட்டை கொடுத்தால் மார்க் ஏறுமா என்று கேட்கிறார்கள்.

பூண்டு மட்டும் கொடுக்காதீர்கள், நாய் ரத்தத்துக்கு ஆகாது என்றேன். பூண்டு விளைகிற ஊரில் இதைச் சொன்னதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஈரச் சுடிதாரோடு இன்றைக்கு மட்டும் ஏழு நாய்.

பிப்ரவரி 9, ஞாயிறு

22. இருபத்திரண்டாவது மாரக்காவின் நாய். பெயர் கலெக்டர். தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டுப் போகுமாம், அதனால் அந்தப் பெயர். செம்பழுப்பு நிறம், இடது காதில் ஒரு வெட்டு. அப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை. தானாக மேஜையில் ஏறி, முகவாயைக் கீழே வைத்து, நாக்கை நீட்டிவிட்டது. 94. முன்னங்கால், வலது பக்கம் மழித்து ரத்தம் எடுத்தேன். கொட்டாவி விட்டது.

"எங்க கலெக்டருக்கு வருஷம் பூரா பரீட்சை வச்சாலும் எழுதும்" என்றது மாரக்கா. இஞ்சி டீ, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

36. ஆனால் இன்றைக்கு ஒன்றுதான்.

சாருக்குப் போன் பண்ணினேன். டீக்கடை பெஞ்சின் வலது ஓரத்தில் மட்டும்தான் சிக்னல். சாந்தமான நாயெல்லாம் முடிந்துவிட்டது சார், இருக்கிற மிச்சம் பூண்டுக் காட்டில் பன்றி விரட்டுகிற காவல் நாய்கள், மேஜைக்கே வராது, வந்தாலும் வாயைத் திறக்க விடாது, இன்னும் பதினாலு வேணும் என்றேன். சிறுத்தைக்குப் பயந்து இங்கே நாய் வளர்க்கிறவர்களே குறைவு. எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, கல்லூரி ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டது ஐம்பது என்றார் சார்.

போனை வைத்த பிறகு கண்ணில் கொஞ்சம் தண்ணீர். பூண்டுச் சருகுத் தூசி. இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் அது பறக்கிறது. மாரக்கா ரெண்டு வடையை வைத்துவிட்டு உள்ளே போனது.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு நாயும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

38. ரெண்டு நாய் கிடைத்தது. ஒன்று பால்காரர் வீட்டுக் குட்டையன், 95. இன்னொன்று டைகர். மேல்தெரு தெய்வானையக்கா கூட்டிவந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தது டைகர், காது மூடுகிற மாதிரி ஒரு மஃப்ளர் வேறு. இவர்கள் நாய்களை எப்படி வைத்திருக்கிறார்கள் பார். மதுரையில் மனுசருக்கே இந்தக் கவனிப்பு கிடையாது.

"வலது கால்ல சுளுக்கு டாக்டரம்மா, இடது கால்ல எடுத்துக்கோங்க" என்றது தெய்வானையக்கா. எடுத்தேன். டைகரும் நல்ல பிள்ளை, தானாக மேஜையில் ஏறியது. 94.

பிப்ரவரி 16, ஞாயிறு

40. இன்றைக்கு ராஜா. பள்ளிக்கூட ஸ்வெட்டர், தலைக்குக் குரங்குக் குல்லா. முன்னங்கால் ரெண்டிலும் துணி சுற்றியிருந்தது. முள் குத்திவிட்டதாம், பின்னங்காலில் எடுக்கச் சொன்னார்கள். வலது பின்னங்காலில் எடுத்தேன். 94. நாக்கைத் தானாக நீட்டியது. இந்த ஊர் நாய்களுக்கு யாரோ நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா போன். எப்போ வர்றே, சாப்பிட்டியா, இளைச்சிட்டியா என்று அதே மூன்று கேள்வி. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். சட்டென்று சொல்லத் தெரியவில்லை. எண்ணுவதை எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சாருக்கு அட்டவணை அனுப்பினேன். கடைசி அளவுகளெல்லாம் ரொம்ப நெருக்கமாக இருக்கிறதே, பேஷ் என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

42. ஒன்று மேல்தெருச் சின்னான், அடம் பிடித்துப் பிடித்து 93. இன்னொன்றின் பெயர் வெள்ளையன், இதற்கும் ஸ்வெட்டர், குல்லா, வலது பின்னங்காலில் துணிக்கட்டு. செம்பழுப்பு நாய்க்கு எதற்கு அந்தப் பெயர் என்று கேட்டேன். "குட்டியில வெள்ளையா இருந்துச்சு, வெயில்ல கறுத்துருச்சு" என்றார் கூட்டி வந்தவர். இந்த ஊரில் வெயிலா? இருக்கட்டும். இடது பின்னங்கால். 94. வெள்ளையன் என் கையை நக்கிவிட்டு, நேரே போய் டீக்கடை வாசலில் படுத்துக்கொண்டது.

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கப் போகிறேன். எட்டே எட்டு.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

இன்றைக்கு மாரக்காவின் தம்பி ஒரு நாயைக் கூட்டிவந்தார். பெயர் பீமனாம். பெரிய ஆள் ஸ்வெட்டர், அதன் கை நாயின் கால் வரைக்கும் தொங்கியது. பின்னால் ஒரு குழந்தையின் கம்பளிக் கால்சட்டை. எந்தக் காலில் எடுக்க என்று கேட்டேன். அவர் முழித்தார். "காலெல்லாம் வேணாம் டாக்டரம்மா, கழுத்துல எடுங்க."

ஏன் என்றேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். வலது முன்னங்காலில் மழித்த இடம், பாதி முடி முளைத்திருந்தது. இடது முன்னங்காலில் இன்னொன்று. கால்சட்டையைக் கழற்றினேன். பின்னால் ரெண்டு. நாலு காலிலும் நான் மழித்த இடம். இடது காதில் வெட்டு. கலெக்டர் முகவாயை மேஜையில் வைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

ஐந்து வருஷம் படித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் படித்த மாட்டு டாக்டர் நான். ஒரே நாயை நாலு தடவை சோதித்துவிட்டு நல்ல பழக்கம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

கத்தினேன். என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எழுத மாட்டேன். ஊர் முழுக்கத் தலையைக் குனிந்து நின்றது. உள்ளே போய் வீரபுத்திரண்ணனைக் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவது வாட்டியே தெரியும்" என்றார்.

மாரக்காதான் நேரே வந்து நின்றது. "யோசனை என்னோடது. வேற யாரையும் வையாதீங்க."

"ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?"

"பெஞ்சில உக்காந்து அழுதீங்கல்ல? பதினாலு நாய்க்காக ஒரு பொம்பளப் புள்ள அந்த அழுகை அழுவுது, எங்க ஊர்ல வந்து அழுவுது. நாங்க டீ ஆத்திக்கிட்டு நிக்கவா?"

அது தூசி என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

டைகர், ராஜா, வெள்ளையன், மூன்று வரியையும் சிவப்பு மையில் அடித்தேன். 39. இன்னும் பதினொன்று, எட்டே நாள்.

அடிக்காமலும் விட்டிருக்கலாம். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்தேன். ஆனால் யாரோ ஒரு டாக்டர் என்றைக்காவது இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் மூச்சு வாங்குகிற நாய்க்கு வைத்தியம் பார்ப்பார். அவருக்கு நான் ஒரே கலெக்டரை நாலு தடவை விற்க முடியாது.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். கடைசியில், "ஏம்மா, நாலு காலும் தீர்ந்த பிறகுதான் கண்டுபிடிச்சியா?" என்றார். போனுக்குள் அவர் சிரிப்பு அடங்கவேயில்லை. சிரித்து முடித்து, 28 என்றால் 28தான் என்றார்.

கலெக்டருக்கு ரெண்டு அவித்த முட்டை வாங்கிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மாரக்கா பார்க்காத நேரமாகப் பார்த்து.

பிப்ரவரி 22, சனி

தெய்வானையக்கா காலையிலேயே வந்து கதவைத் தட்டியது. கண்ணைப் பார்க்காமல் பேசியது. "எங்க காட்டு நாய் உங்களைக் கிட்ட விடாது. என்னை விடும். அந்தக் கிளிப்பை என் கையில குடுங்க. கொரோனாவுல நாங்களே மாட்டிக்கிட்டோம்ல."

கல்லூரி மெஷின் என்று ஆரம்பித்தேன். பிறகு நானே வாயை மூடிக்கொண்டேன்.

பூண்டுக் காட்டில் மாடன் என்கிற அந்தக் காவல் நாய் என்னைப் பார்த்ததும் சங்கிலி அறுகிற மாதிரி குதித்தது. தள்ளிப் போய் வரப்பில் உட்கார்ந்தேன். தெய்வானையக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டே வீட்டுக் கதையெல்லாம் பேசியது. அரை மணி நேரம் கழித்து, பேச்சோடு பேச்சாக, அதன் உதட்டை ஒதுக்கிக் கிளிப்பை மாட்டிவிட்டது. நான் மூன்று வருஷமாக மாட்டுகிறேன், இவ்வளவு நைசாக ஒருநாளும் மாட்டினதில்லை. அக்கா தலையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து போய் ரத்தம் எடுத்தேன். 94. நாலு காலையும் நானே சரிபார்த்தேன்.

சாயங்காலம் இன்னொன்று. 41.

பிப்ரவரி 24, திங்கள்

44. நேற்றும் இன்றும் உருளைக்கிழங்குக் காடு, பீன்ஸ் காடு, ஏறி இறங்கி முழங்கால் கழன்றுவிட்டது. மெஷினைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பது மாரக்கா. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டது. கிளிப் மாட்டத் தெரியாதவர்களுக்கு அதுதான் பாடம் எடுக்கிறது, என்னைவிட அதிகாரமாக.

இன்றைக்கு ஒரு நாய் என் சுடிதாரைக் கிழித்தது. சந்தோஷமாகக் கிழிக்கட்டும், 95 கொடுத்ததே.

பிப்ரவரி 26, புதன்

48. ஒரே நாளில் மூன்று. ஊர்க்காரர்கள் டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எண்ணிக்கை எழுதிவைக்கிறார்கள். போகிற வருகிற பஸ்காரர்கூடக் கேட்கிறார்.

பிப்ரவரி 27, வியாழன்

49. அவ்வளவுதான். ஊரில் நாயே இல்லை. மீதி இருப்பது கிழடும் குட்டியும், அவை கணக்கில் சேராது; பக்கத்து ஊரில் நாய்க்காய்ச்சல், ஆரோக்கியமான நாய் கிடைக்காது. மாரக்கா விரல் விட்டு வீடு வீடாக எண்ணிப் பார்த்தது. எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். ஆனால் சோறு இறங்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் வீரபுத்திரண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு டாக்டரம்மா. நாலு வயசு. அல்லின்னு பேரு."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மெதுவாகத்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஊர் நாய்க்கெல்லாம் ஊசி போட்டவர். இவர் வாசனை பட்டாலே தெருநாய்கள் ஓடும். அதனால்தான் வராண்டாவுக்கே வராமல் உள்ளே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வீட்டு நாயும் அப்படித்தான். குட்டியில் ஊசி போட்டதிலிருந்து அவரைக் கண்டால் ஆகாது. தன் வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத்தான் போகிறார், அதுவும் மனைவி நாயைக் கட்டின பிறகு. ஊருக்கே தெரியும். அவர் முகத்துக்காக ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

"கால்நடைக்காரன் வீட்டு நாய் கால்நடைக்காரனை விடலைன்னா, நீங்க காலேஜுல போய்ச் சொல்லுவீங்களேன்னு இருந்துச்சு" என்றார். காலையில் வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

அல்லி கறுப்பு. கண்ணுக்கு மேல் ரெண்டு பழுப்புப் பொட்டு. வீரபுத்திரண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் அக்கா வாசலில் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரே தடவையில் கிளிப்பை மாட்டிவிட்டது. படபடப்பு அடங்கி நாடி நூற்றுக்குக் கீழே வந்தால்தான் அளவு செல்லும். மெஷினைப் பார்த்தேன். 156.

"அண்ணன் எங்கேக்கா?"

"வேலிக்குப் பின்னால நிக்கிறாரு. பாக்கணுமாம்."

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று குரல் கொடுத்தேன். பின்னாலேயே நடந்தார், முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு. 148. இன்னும் கொஞ்சம் என்றேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார். 131. இன்னும். மாரக்கா ரோட்டில் நின்று என் பேச்சை வாங்கி அவருக்குக் கத்தியது. பள்ளிக்கூடம் தாண்டினார், 117. ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்த மனுசர் தன் வீட்டிலிருந்து பின்னால் பின்னால் போய்க்கொண்டேயிருந்தார், நம்பர் இறங்கிக்கொண்டேயிருந்தது. மலை வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு புள்ளியாக இருந்தார். 96. 92. 90.

அப்படியே நின்றது. ஆக்சிஜன் 95. ரத்தம் எடுத்தேன். ஐம்பதாவது வரியை எழுதினேன். அழுதேன், தூசியெல்லாம் இல்லை. மாரக்கா என்னைக் கட்டிக்கொண்டு அதுவும் அழுதது. சாருக்கு அட்டவணை போய்விட்டது, மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

வளைவிலிருந்து அண்ணன் கையைத் தூக்கி என்னாச்சு என்று கேட்டார். விரல் தெரிகிற தூரம் வரை நடந்துபோய், ஒரு கையில் அஞ்சு விரலை விரித்து, இன்னொரு கையை வட்டமாக்கிக் காட்டினேன். அவர் அந்த இடத்திலேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

மீதி தூரமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றி சொல்லத் தொடங்கினேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அல்லியைத் தொட்டீங்களா டாக்டரம்மா?"

"தொட்டேண்ணே. காலைப் பிடிச்சுத்தானே ரத்தம் எடுத்தேன்."

"குட்டியா இருந்தப்ப காதுக்குப் பின்னால மெத்துன்னு இருக்கும். இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

காதுப் பக்கம் நான் போகவில்லை. அப்படித்தான் இருக்குண்ணே என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. இருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து, இத்தனை தூரமும் திரும்ப நடந்தேன். அல்லி உறுமியது. பஞ்சவர்ணம் அக்கா மடியில் அதன் தலையைப் பிடித்துக்கொள்ள, காதுக்குப் பின்னால் கை வைத்தேன். மறுபடியும் வளைவு வரைக்கும் போனேன்.

"இருக்குண்ணே" என்றேன். "அப்படியேதான் இருக்கு."